குறைவின்றிக் குறுக்கும் வித்தை

1870-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, ஜெர்மானியச் சேனைகளால் நாற்புறமும் சூழப்பட்டு, உள்ளிருப்போர் வெளியேறவும் வெளியிலிருப்போர் உட்புகவும் வழியின்றி அடைபட்டுக் கிடந்த பாரிஸ் மாநகரத்திலிருந்து இரண்டு பலூன்கள் ஆகாயத்தில் எழும்பின. ஒன்றுக்கு நியெப்ஸ் என்றும் மற்றொன்றுக்கு டாகேர் என்றும் பெயர். இரண்டும் புகைப்படக் கலையை உலகுக்கு ஈந்த பிரெஞ்சு முன்னோடிகளின் நாமங்கள். டாகேர் வழியிலேயே சுடப்பட்டுப் பகைவர் கையில் சிக்கியது. நியெப்ஸ் எப்படியோ தரையிறங்கியது. அதிலே வந்தவர்கள் தங்கள் உபகரணங்களில் ஒரு பகுதியை இழந்து, பகைவரின் கண்ணிற்படாமல் கிராம வழிகளில் அலைந்து, கடைசியில் தூர் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுள் தலையாயவர் ரெனே டக்ரோன் என்ற புகைப்படக்காரர். மோதிரத்திலும் பதக்கத்திலும் பதித்து, சிறு கண்ணாடி மணியின் வழியே பார்த்து மகிழத்தக்க நுண்ணிய படங்களைச் செய்வது அவருடைய தொழில். 1859-இலேயே அந்த நுண்படத்திற்கு உரிமைப் பத்திரமும் பெற்றிருந்தார். விளையாட்டுச் சாமான் செய்தவரென்று எவரும் எண்ணியிருக்கக்கூடிய அந்த மனிதரைத்தான், ஒரு ராஜ்யத்தின் தபாலைக் காப்பாற்றும் பொறுப்பை ஒப்படைத்து ஆகாய மார்க்கமாக அனுப்பினார்கள்.

பாரிஸிலிருந்து கடிதங்கள் வெளியே போவதற்குப் பலூன்கள் இருந்தன. காற்று எந்தத் திசையில் அடித்தாலும், முற்றுகைக்கு அப்பால் ஏதோ ஓரிடத்தில் இறங்கினால் போதும். ஆனால் வெளியிலிருந்து பாரிஸுக்குள் ஒரு கடிதம் வரவேண்டுமானால், காற்றை நம்பி விடப்படும் பலூன் குறிப்பிட்ட ஒரு நகரத்தின்மேல் வந்து இறங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. வீடு திரும்பும் இயல்புடைய பிராணி ஒன்றே கதி, அது புறா. பலூன்களில் கூடவே ஏற்றிச் செல்லப்பட்ட பாரிஸ் புறாக்களைத் தூர் நகரத்துப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்து, வாலில் செய்தியைக் கட்டி அனுப்பினால் அவை தங்கள் கூட்டை நாடிப் பறக்கும். சிக்கல் என்னவென்றால், புறா சுமப்பது ஒரு கிராம் அளவே. அந்த ஒரு கிராமுக்குள் அடங்கவேண்டியவையோ, ராஜாங்க உத்தரவுகளும், மகன் உயிரோடிருக்கிறானா என்று ஏங்கும் தாய்க்கு ஒரு வார்த்தையும், மனைவி குழந்தை பெற்ற சமாசாரமும் ஆகிய எண்ணிறந்த செய்திகள்.

இன்று ஒருவர் தம் கட்டுரையையோ கணக்கையோ பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்ப முயலும்போது, கோப்பு இரண்டு எம்.பி.க்கு மேல் இருக்கலாகாது என்ற மறுப்பு வந்து வழிமறிக்கிறதே, அது தன்மையில் அந்தப் புறாவின் வாலில் எழுந்த பிரச்சினையே. ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஏறவேண்டிய பொருளோ அந்த எல்லையை மதிப்பதில்லை. பொருளைக் கெடுக்காமல் உருவத்தைக் குறுக்கியாக வேண்டும்.

முதலில், மெல்லிய காகிதத்தில் பொடி எழுத்தாகக் கையால் எழுதி அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு தூர் நகரிலேயே அவற்றைப் புகைப்படமாகக் காகிதத்தில் குறுக்கினார்கள். டக்ரோன் வந்தபின் காகிதத்துக்கே விடை கொடுக்கப்பட்டது. செய்திகளையெல்லாம் அச்செழுத்தில் கோத்துப் பெரிய பக்கங்களாக அடித்து, அந்தப் பக்கங்களில் பன்னிரண்டு பதினாறு சேர்த்து, கொலோடியன் என்ற மெல்லிய சவ்வின் மேல், இரண்டு விரல் அகலமே உள்ள ஒரு படமாகப் பிடித்தார். அத்தகைய சவ்வு ஒன்றின் எடை ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. அதில் அடங்கிய செய்திகள் சராசரி 3,000. பதினெட்டு இருபது சவ்வுகளைச் சுருட்டி, ஒரு வாத்திறகுக் குழாய்க்குள் செருகி, அக்குழாயை மெழுகு பூசிய பட்டு நூலால் புறாவின் வால் இறகோடு கட்டிவிட்டார்கள். பாரிஸில் அதைப் பிரித்தெடுத்து, நீரில் இட்டு விரித்து, இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வைத்து, மாய லாந்தர் என்ற விளக்கின்மூலம் சுவரில் பெரிதாக வீழ்த்தினார்கள். எழுத்தர்கள் வரிசையாக அமர்ந்து பார்த்துப் பார்த்து எழுதி, வீடுவீடாக அனுப்பினார்கள்.

அந்த வேலையில் இரண்டு அம்சங்கள் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. ஒன்று, கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றிய பின்பே குறுக்கினார்கள் என்பது. ஒருவருடைய கையெழுத்தின் வளைவும் நெளிவும் அவருக்குரிய அழகே ஆனாலும், நுண்ணியதாகக் குறுக்கும்போது அவை ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போகும்; அச்செழுத்தோ தெளிவான கோடுகளாலானது, எத்தனை குறுக்கினும் மீண்டும் விரித்தால் தன் உருவை இழக்காமல் நிற்கும். செய்தியின் உயிர் எழுத்தில் இருக்கிறதே தவிர, எழுதியவரின் கைவளைவில் இல்லை என்று அவர்கள் தீர்மானித்தார்கள். மற்றொன்று, இவ்வளவு பாடுபட்டுக் குறுக்கிய அதே செய்தியை ஒரு புறாவோடு நிறுத்தாமல், பாரிஸ் சேர்ந்துவிட்டது என்ற நிச்சயம் கிடைக்கும்வரை, புறாவுக்குப் பின் புறாவாகப் பலமுறை அனுப்பினார்கள் என்பது. குளிரும் பருந்தும் துப்பாக்கியும் நிறைந்த அந்த மாரிக்காலத்தில், விடப்பட்ட புறாக்களுள் பெரும்பாலானவை ஊர் திரும்பவேயில்லை. ஒரு கையால் மிகையை வெட்டி எறிந்து, மறு கையால் மிகையைச் சேர்த்த அந்தச் செயலில் முரண்பாடு எதுவும் இல்லை. வெட்டியது பயனற்ற மிகை. சேர்த்தது ஆபத்துக்கென்று வைத்த மிகை. இந்தப் பாகுபாட்டைச் சாஸ்திரமாக வகுத்துச் சொல்ல இன்னும் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

தந்தி முறையை அமைத்த மோர்ஸும் அவருடைய துணைவர் ஆல்ஃபிரட் வெய்லும், 1838-ஐ ஒட்டிய காலத்தில், இந்த வித்தையின் மற்றொரு வாசலைத் திறந்துவிட்டிருந்தார்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளமான அடையாளம் தரவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற ‘ஈ’ என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும், எப்போதாவது தலைகாட்டும் ‘க்யூ’வுக்கு நீண்ட அடையாளம் இருந்தாலும் நஷ்டமில்லை. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்பதை அறிய, அச்சுக்கூடத்தின் அறைப்பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை அச்சுகள் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அச்சுக்கோப்பவர்களின் தலைமுறை அனுபவம் முழுவதும் அந்தப் பெட்டியின் அறைகளிலே அளவாகத் தேங்கி நின்றது. வேறெந்தப் புள்ளிவிவரமும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

1948-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையிலிருந்த கிளாட் ஷானன், செய்தித் தொடர்பின் கணித சித்தாந்தத்தை அச்சாலையின் சஞ்சிகையில் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஒரு செய்தியை இழப்பின்றி எவ்வளவு தூரம் குறுக்கலாம் என்பதற்குத் தாண்டமுடியாத ஒரு கீழெல்லை உண்டு என்றும், சேதம் விளைக்கும் மார்க்கத்தில் அதை அனுப்புவதற்கு எவ்வளவு மிகையைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்றும் இரண்டையும் அவர் ஒரே கட்டுரையில் நிறுவினார். சாதாரண ஆங்கில வசனத்தில் ஏறக்குறையப் பாதி, இல்லாவிட்டாலும் ஊகித்துக்கொள்ளக்கூடிய மிகையே என்று அவர் கணக்கிட்டுக் காட்டியது பலருக்கு வியப்பாயிருந்திருக்கும். ஆனால் எல்லை இன்னதென்று காட்டினாரே ஒழிய, அந்த எல்லையை எட்டுவதற்குரிய மிகச் சிறந்த வழியை அவரும் கண்டுபிடிக்கவில்லை. அவரைப்போலவே அதில் உழைத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் ஃபானோவும் கண்டுபிடிக்கவில்லை.

1951-இல் ஃபானோ தம் மாணவர்களுக்கு ஒரு சலுகை அளித்தார்: இறுதிப் பரீட்சை எழுதலாம், அல்லது கொடுக்கப்படும் ஒரு பிரச்சினைக்கு விடை கண்டு கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பரீட்சையிலிருந்து விடுபடலாம். இருபத்தைந்து வயதை ஒட்டிய டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பிரச்சினையைத் தம் ஆசிரியராலேயே அவிழ்க்க முடியவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் தொட்டே இருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம். மாதக்கணக்கில் முயன்று, எதுவும் கைகூடாமல், குறிப்புகளைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று முடிவுசெய்த வேளையில்தான் விடை மின்னலெனத் தோன்றியது. ஆசிரியர்கள் எழுத்துக்கூட்டம் முழுவதையும் உச்சியிலிருந்து இரண்டு இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தார்கள். ஹஃப்மனோ, மரத்தை இலையிலிருந்து கட்டினார்: எல்லாவற்றிலும் அரிதாக வரும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒன்றாக்கு, அதற்குப் பிறகு எஞ்சியவற்றில் அரிதான இரண்டை மீண்டும் ஒன்றாக்கு, இப்படியே மேலே ஏறிப் போனால் வேரை அடையும்போது, ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் குறி தருகிற முறைகளுள் இதைவிடக் குறுகியது இல்லை என்ற குறியீடு தானே அமைந்துவிடும். 1952-இல் அது அச்சாயிற்று. உரிமைப் பத்திரம் எதுவும் அவர் வாங்கவில்லை. இன்றைக்கு நாம் திறக்கும் ஜிப் கோப்பிலும், பார்க்கும் புகைப்படத்திலும், படிக்கும் பி.டி.எஃப்.பிலும் அந்த மாணவரின் கட்டுரை உயிரோடு வேலை செய்கிறது.

எழுத்துக்கு எழுத்து சிக்கனம் பார்த்த இம்முறையை விட்டு, சொல்லும் சொற்றொடருமாகச் சிக்கனம் பார்க்க வழிசெய்தவர்கள் ஹைஃபா நகரத்துத் தெக்னியோன் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெலும் யாகோபு ஸீவும் ஆவர். 1977-இலும் 1978-இலும் அவர்கள் வெளியிட்ட முறைகளின் உள்ளுறை எளிது. ஓர் ஆவணத்தைப் படித்துக்கொண்டு வரும்போது முன்பே வந்துவிட்ட ஒரு தொடர் மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல், ‘இத்தனை எழுத்துக்குப் பின்னே போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்’ என்று குறித்தால் போதும். நம் பத்திரப் பதிவு எழுத்தர்கள் சொத்தின் எல்லையையும் கட்சிக்காரர் பெயரையும் ஒருமுறை விஸ்தாரமாக எழுதிவிட்டு, பின்பெல்லாம் ‘மேற்படி’ என்று போட்டு முடிக்கிறார்களே, அதைக் கணக்காக்கியது போன்றது. ஒரு துளியும் இழப்பில்லை. விரித்தால் மூல ஆவணமே கிடைக்கும். 1984-இல் டெர்ரி வெல்ச் இதற்குத் தந்த ஒரு வடிவம் உரிமைப் பத்திரச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டு வழக்குப் பேச்சுக்கு இடமளித்தது. அந்த நெருக்கடியிலிருந்து விடுவித்தது ‘டிஃப்ளேட்’ என்ற முறை: ஃபில் காட்ஸ் தம் ஜிப் நிரலுக்காக, லெம்பெல்–ஸீவின் 1977 முறையால் முதலில் குறுக்கி, எஞ்சியதை ஹஃப்மன் முறையால் மீண்டும் குறுக்கி அமைத்தது அது.

எழுத்தாலான ஆவணத்துக்கு இவை போதும். படத்துக்குப் போதா. மரத்தின் இலைப்பரப்பிலோ மனித முகத்திலோ நிறங்களின் ஒரு வரிசை அச்சாக மறுபடி வருவது அரிது. பின்னே போய் எடுத்துக்கொள்ள அங்கே அதிகம் கிடையாது. இந்த இடத்தில்தான் நம் நாட்டவர் சிலருடைய பெயர்களை நான் மிகுந்த பெருமையோடு எழுதுகிறேன். பெங்களூரிலே பிறந்து அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலத்தில் பேராசிரியராயிருந்த நசீர் அகமது, 1972-இல் கோசைன் அலைகளைக்கொண்டு படத்தைக் குறுக்கும் ஆராய்ச்சிக்கு அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் பொருளுதவி கேட்டார், அது மறுக்கப்பட்டது. மனந்தளராமல் தாமே அவ்வேலையைத் தொடர்ந்து, தம் மாணவர் நடராஜனோடும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பின் அமெரிக்கா சென்ற கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அதை வெளியிட்டார். சில பக்கங்களே கொண்ட அந்தச் சிறு கட்டுரைதான், 1992-இல் ‘ஜேபெக்’ என்று வகுக்கப்பட்ட பட முறைக்கு அஸ்திவாரம்.

அதன் வேலை இப்படி: படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் அலை, வேகமாக மாறும் அலை என்று அறுபத்து நான்கு அலைகளின் கலவையாக எழுதிக்கொள்கிறார்கள். இவ்வளவில் இழப்பு கிடையாது. இயற்கைக் காட்சிகளில் கட்டத்தின் சத்தில் பெரும்பகுதி மெதுவான அலைகள் சிலவற்றிலேயே திரண்டுவிடுகிறது. வேகமான அலைகளின் நுட்பத்தை மனிதக் கண் அவ்வளவாகக் கவனிப்பதுமில்லை. ஆகவே அவற்றைக் கணக்கில் முழுமைப்படுத்தி, பெரும்பாலானவற்றைச் சூன்யமாக்கிவிடுகிறார்கள். இழப்பு பெரும்பாலும் நிகழ்வது இந்த ஒரு படியிலேயே. எஞ்சியதை வழக்கம்போல் ஹஃப்மன் முறை மூட்டை கட்டுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இது அற்புதமான உபாயம். வெள்ளைத் தாளில் கறுப்பு மசியால் அடித்த எழுத்துக்கோ இது விஷம். எழுத்தின் விளிம்பு, வெண்மையிலிருந்து கருமைக்கு ஒரே தாவலாகத் தாவுவது. அந்தத் தாவலைக் காட்டுவன, நாம் சூன்யமாக்கிவிட்ட அந்த வேகமான அலைகளே. அவை போனதும் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் சாம்பல் அழுக்குப் படிகிறது. ஃபேக்ஸ் இயந்திரங்களுக்காக 1980-இலும் 1984-இலும் சர்வதேசத் தந்தி தொலைபேசிக் குழுவினர் வகுத்த கறுப்பு வெள்ளை முறைகள், ஒரு வரியில் எத்தனை பிக்சல் தொடர்ந்து வெண்மை, எத்தனை தொடர்ந்து கருமை என்று எண்ணியும், மேல் வரியிலிருந்து எங்கே மாறுகிறது என்று குறித்தும் எழுதுபவை. எழுத்துப் பக்கத்துக்கு அவையே உகந்தவை.

அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான ஜான் வார்னாக், 1991-இல் ‘கேமலாட் திட்டம்’ என்ற தலைப்பில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். எந்த இயந்திரத்தில் ஆக்கிய ஆவணமும் எந்த இயந்திரத்திலும் ஆக்கியவர் கண்டபடியே தோன்றவேண்டும் என்பது அதன் ஆசை. 1993 ஜூன் மாதத்தில் அது பி.டி.எஃப். என்ற பெயரில் வெளிவந்தது. 2008-இல் சர்வதேசத் தரமாயிற்று. அதை வகுத்தவர்களின் ஞானம் எதில் விளங்குகிறது என்றால், ஒரே பக்கத்துக்குள் எழுத்தை ஒரு முறையாலும், வர்ணப் படத்தை வேறொரு முறையாலும், கறுப்பு வெள்ளைப் படத்தை மற்றொரு முறையாலும் குறுக்க இடம் வைத்ததில். வெல்ச்சின் முறை முதலில் எழுத்துக்கு வாய்த்தது. 1996-இல் டிஃப்ளேட் அதன் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

கோப்பு ஏன் பெருக்கிறது என்பதையும் அந்த அமைப்பே விளக்குகிறது. எழுத்தாகவே உள்ள ஒரு பக்கம் சில ஆயிரம் பைட்டில் அடங்கும். அதே பக்கத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, அங்குலத்துக்கு 300 பிக்சலாக வர்ணத்தில் ஸ்கேன் செய்தால், 2,480-க்கு 3,508 என்ற கணக்கில் எண்பத்தாறு லட்சத்துக்கு மேற்பட்ட பிக்சல்கள், குறுக்காத நிலையில் ஏறத்தாழ 26 எம்.பி. ஆகிறது. கறுப்பு வெள்ளையாகவே எடுத்தால் அது ஒரு எம்.பி.யை ஒட்டி நிற்கும். ஃபேக்ஸ் முறையால் குறுக்கினால் பத்துப் பதினைந்து மடங்கும் அதற்கு மேலும் சிறுக்கும். எழுத்துருவும் ஒரு சுமையே. அதைக் கோப்பினுள் வைக்காவிட்டால், நம் பழைய தமிழ் எழுத்துருக்களில் ஆக்கிய ஆவணங்கள் அயலார் கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றிய கஷ்டத்தை யூனிகோடுக்கு முந்தைய தலைமுறை நன்கு அறியும். முழுவதும் வைத்தால் கனம். ஆவணத்தில் வந்த எழுத்துகளின் உருவங்களை மட்டும் பொறுக்கி வைப்பதே நடுவழி. வராத எழுத்தை விடுவதால் படிப்பவர் எதையும் இழப்பதில்லை.

குறுக்கும் ஆசை அறிவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இல் ஒரு சான்று கிடைத்தது. ஒரே மாதிரி தோன்றும் எழுத்து வடிவங்களுக்கு ஒரே படத்தை வைத்துக்கொண்டு, வந்த இடமெல்லாம் அதையே ஒட்டும் ‘ஜேபிக் 2’ என்ற முறை அப்போது பல இயந்திரங்களில் இருந்தது. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஒரு கட்டட வரைபடத்தை நகலெடுத்தபோது, 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறு சதுர மீட்டர் பரப்பு குறித்திருந்த மூன்று அறைகளும் நகலில் 14.13 என்றே இருக்கக் கண்டார். மங்கலோ அழுக்கோ கிடையாது; எண்கள் பளிச்சென்று, தெளிவாக, தவறாக நின்றன. மங்கிய எழுத்து தன் குறையைத் தானே சொல்லிவிடும்; படிப்பவர் சந்தேகப்பட்டு மூலத்தைத் தேடுவார். தெளிவான பொய்யைச் சந்தேகிக்க எவருக்கும் தோன்றாது. இந்தக் கலையின் சரித்திரத்தில் இதைவிடக் கொடிய விபத்து வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

தமிழருக்கு இந்த ஆபத்து புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, நம் ஏடெழுதுவோர் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். எகர ஒகரக் குறில்களுக்குத் தொல்காப்பியம் விதித்த புள்ளியும் அவ்வாறே ஏட்டில் மறைந்தது. எழுதியவருக்கும் கேட்டுப் பழகியவருக்கும் அது இழப்பாகத் தோன்றவில்லை. செய்யுளின் ஓசையும் எதுகையும் இல்லாத புள்ளியை ஊகிக்க வைத்தன. சில நூற்றாண்டுகள் கழித்து, ஓசையும் பொருளும் மறந்துபோன நூல்களை எடுத்துவைத்துப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையர் போன்றோர், விட்ட புள்ளிகளைத் தேடி எத்தனை இரவுகள் விழித்திருக்கவேண்டும்! ஷானன் சொன்ன மிகை அங்கே செலவாகித் தீர்ந்துவிட்டிருந்தது; ஆபத்துக்கு உதவ ஒன்றும் மிஞ்சவில்லை.

என் நண்பரிடமிருந்த பழைய இலக்கண நூல் ஒன்றை, 180 பக்கம், ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்வித்தேன். வர்ணத்தில் எடுத்ததால் 160 எம்.பி. ஆயிற்று. மின்னஞ்சலில் அனுப்பும்படி குறுக்கித் தாருங்கள் என்றேன். அங்கிருந்த இளைஞர் அங்குலத்துக்கு 72 பிக்சலாக்கி, ஜேபெக் தரத்தையும் தாழ்த்தி, 9 எம்.பி.யில் தந்தார். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், அரை மில்லிமீட்டரும் இல்லாத புள்ளி ஒரே பிக்சலாகிச் சாம்பலில் கரைந்திருந்தது. ‘பல்’ என்பது ‘பல’ ஆகியிருந்தது. ‘கண்’ என்பது ‘கண’ ஆகியிருந்தது. இலக்கண நூலில் மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாய்ப் போனால் நூலே போயிற்று. மறுநாள் அதே இளைஞரிடம் சென்று, இருவரும் பக்கத்தில் அமர்ந்து, நூலை மறுபடி அங்குலத்துக்கு 600 பிக்சலாக, வர்ணமின்றிக் கறுப்பு வெள்ளையாக எடுத்து, பழைய ஃபேக்ஸ் முறையால் குறுக்கினோம். பக்கம் பக்கமாகச் சரிபார்த்து முடிக்க மாலையாகிவிட்டது. கோப்பு 8 எம்.பி. வந்தது, கெட்டுப்போன அந்த 9 எம்.பி. கோப்பைவிட ஒரு எம்.பி. குறைவு, அதில் ஒவ்வொரு மெய்யின் தலையிலும் புள்ளி கருமணியாக நின்றது.